ரீகான் வெல்ஃபயரா, இங்கே பூட்டிய எம்பிவியா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சிரம்பானில் குடியிருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, 11, 8, 3 வயதில் மூன்று பிள்ளைகள், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் சுங்கை பட்டாணிக்குப் போய்வர வேண்டும். ஜப்பானில் ஓடிய காடிகளைக் கொண்டுவந்து விற்கும் ஒரு ரீகான் கடையில் 2021-இல் தயாரான டொயோட்டா வெல்ஃபயர் 2.5-ஐ 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளிக்குச் சொல்கிறார்கள். "ஜப்பான் சாமான் ஜப்பான் சாமான்தான்" என்கிறார் உங்கள் மைத்துனர். மனைவி, பெரோடுவா அல்சாவோ, பாகங்களை இங்கேயே பூட்டித் தயாரிக்கும் வேறு ஏதாவது உள்ளூர் எம்பிவியோ (ஆறேழு பேர் உட்காரும் குடும்பக் காடி) போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. நான் கிள்ளானில் பட்டறையில் ஆரம்பித்து, பிறகு பழைய காடிகளை வாங்கும் முன் பரிசோதித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விற்பனை என் தொழில் இல்லை, அதனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். உங்கள் கடிதத்தில் "புது வெல்ஃபயர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது புதுக் காடி இல்லை. ஜப்பானில் யாரோ ஒருவர் ஓட்டி, ஏலத்தில் விற்று, கப்பலில் போர்ட் கிள்ளான் வந்து இறங்கிய காடி. நம்பர் பிளேட் மட்டும்தான் புதுசு. கெரானில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், பதிவுத் தேதி இந்த வருஷம் என்றிருக்கும், தயாரிப்பு ஆண்டு 2021 என்றிருக்கும். ஐந்து வருஷம் கழித்து நீங்கள் விற்கப் போகும்போது வாங்குகிறவர் 2021 என்ற எண்ணைத்தான் பார்ப்பார். இங்கே கொண்டுவரும் ரீகான் காடிக்கு வயது ஒன்றுக்குக் குறையக்கூடாது, ஐந்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அப்படியானால் அந்த வெல்ஃபயர் விதியின் கடைசிப் படியில் நிற்கும் காடி. கடைக்காரருக்கு அதைத் தள்ளிவிட அவசரம் இருக்கும். விலை பேச அது ஒரு பிடி, மறந்துவிடாதீர்கள்.

மைத்துனர் சொல்லும் பாதி என்ன? ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்று வருஷம் முடியும்போது முதலாவது சோதனை வரும், அதற்கு ஷாக்கென் என்று பெயர். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தச் செலவைத் தவிர்க்கவே பலர் மூன்று வருஷம் ஆகும் முன் காடியை மாற்றிவிடுவார்கள். சாலைகள் நல்லவை, பராமரிப்பு ஒழுங்கு. அதனால் உண்மையிலேயே நல்ல காடிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் அதே ஏலத்தில் மோதியதும் வருகிறது, வெள்ளத்தில் நின்றதும் வருகிறது, வடக்கே பனிக்கு உப்புத் தூவிய சாலையில் ஓடி அடிப்பகுதி துருவேறியதும் வருகிறது. கப்பலில் எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. கடையில் மெழுகு போட்டு நிறுத்தினால் எல்லாம் ஒரே பளபளப்பு.

இதை வேறுபடுத்திக் காட்டும் ஒரே பொருள் ஏலத் தாள். வாகனத்தை ஏல நிறுவனத்தின் ஆள் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரும் தாள் அது. மதிப்பு 5, 4.5, 4 என்று போகும். "ஆர்" என்று இருந்தால் விபத்துக்குப் பின் உடற்சட்டம் பழுது பார்க்கப்பட்டது என்று பொருள். உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி. தாளின் ஓரத்தில் காடியின் வரைபடம் இருக்கும். அதில் ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டிச் சாயம் பூசிய இடம், டபுள் எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியாகிவிட்டது. இதைப் படிக்க ஜப்பானிய மொழி தேவையில்லை, பத்து நிமிஷப் பொறுமை போதும்.

ஆனால் கடைக்காரர் காட்டும் தாள் உண்மையானதா? சில வருஷத்துக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் ஒரு காடியைக் கொண்டுவந்தது. கடையின் பெயர் வேண்டாம். கையில் 4.5 என்று தாள். காடியைத் தூக்கும் மேடையில் ஏற்றியதும் முன்பக்க உடற்சட்ட முனையில் புது வெல்டிங். அடிச்சட்ட எண்ணை (சேசிஸ் நம்பரை) வைத்து அசல் தாளைத் தேடி எடுத்தபோது அதில் "ஆர்". கடைக்காரர் கொடுத்த தாளில் மதிப்பு கணினியில் மாற்றப்பட்டிருந்தது. அவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு முன்பணமும் கட்டியிருந்தார்கள். எப்படியோ வேறு காடி மாற்றி வாங்கினார்கள், ஆறு மாதம் அலைந்த பிறகு. அதனால் கடைக்காரர் அனுப்பும் வாட்ஸப் படத்தை நம்பாதீர்கள். அடிச்சட்ட எண்ணை நீங்களே காடியில் பார்த்து எழுதுங்கள், கட்டணம் கட்டி வெளியாள் மூலம் தேடச் சொல்லுங்கள். 2021 காடி என்றால் ஒரு ஷாக்கெனாவது முடித்திருக்க வாய்ப்புண்டு. அந்தச் சோதனைச் சான்றில் மைலேஜ் பதிந்திருக்கும். ஜப்பான் அரசு தரும் ஏற்றுமதிச் சான்றிலும் மைலேஜ் இருக்கும். ஏலத் தாள், ஏற்றுமதிச் சான்று, மீட்டர் மூன்றும் ஒரு கதையைச் சொன்னால் காடி பரவாயில்லை. ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வெல்ஃபயரில் வகைகள் பல, வகைக்கு வகை விலை ஏறும். 2018-இல் முகம் மாறியது. முகம் மாறுவதற்கு முந்திய காடிக்குப் புது பம்பரும் விளக்கும் மாட்டி, மேல் வகையின் எழுத்தை ஒட்டி விற்பதுண்டு. உங்களுடையது 2021 என்பதால் முகமாற்றப் பயம் இல்லை, வகைமாற்றப் பயம் உண்டு. அடிச்சட்ட எண்ணோடு இருக்கும் மாடல் குறியீட்டைத் தேடினால் தொழிற்சாலையிலிருந்து எந்த வகையாக வெளியே வந்தது என்று தெரிந்துவிடும்.

விலைக்கு வருவோம். 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியில் காடியின் விலை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கணிசமான பங்கு வரிதான். இறக்குமதி வரி ஒரு பக்கம் இருக்க, கலால் வரி இயந்திரத்தின் அளவையும் வகையையும் பொறுத்து 60 முதல் 105 சதவிகிதம் வரை. அதற்கு மேல் 10 சதவிகிதம் விற்பனை வரி. அதோடு ஏபி என்ற இறக்குமதி அனுமதி. 1970-களில் வாகன வியாபாரத்தில் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களைக் கொண்டுவர ஏற்பட்ட முறை அது. எந்த நிறுவனத்தின் காடியையும் கொண்டுவர விடும் திறந்த ஏபி ஒவ்வொன்றுக்கும் 10,000 வெள்ளிக் கட்டணம் வந்தது. 2015 இறுதியோடு திறந்த ஏபி முடிந்துவிடும் என்று 2009-இல் அறிவித்தார்கள். முடியவில்லை, இன்றும் காடிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த விலையில் நீங்கள் வாங்குவது இரும்பும் தோலும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான்.

இங்கே பூட்டப்படும் காடிகளுக்கும் கலால் வரி உண்டு. ஆனால் உள்நாட்டுப் பாகங்கள், உள்நாட்டு வேலை இவற்றைக் கணக்கிட்டுச் சலுகை கிடைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. "உள்ளூர்" என்று நாம் சொல்லும் பெரோடுவா அல்சாவின் வேர் ஜப்பானின் டைஹாட்சு. 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறை அல்சாவும் டொயோட்டா வெலோசும் ஒரே அடித்தளத்தில் பிறந்த உடன்பிறப்புகள். நிசான் செரீனா ஜப்பானில் ஓடும் அதே காடி, சிலாங்கூர் செரண்டாவில் பூட்டுகிறார்கள். கியா கார்னிவல் கூலிமில் பூட்டப்பட்டது, மிட்சுபிஷி எக்ஸ்பேண்டர் பெக்கானில். முழுக்க இங்கேயே வடிவமைத்த எம்பிவி என்று சொல்ல 2009-இல் வந்த புரோட்டோன் எக்சோரா ஒன்றுதான் இருந்தது. அதுவும் 2023-இல் நின்றுவிட்டது. ஆக, உங்கள் மைத்துனரின் "ஜப்பான் சாமான்" வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. காடி எங்கே பூட்டப்பட்டது என்பதைவிட, ஏதாவது நடந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

ரீகானில் அந்தக் கதவு கடைக்காரருடையது. அவர் கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் மூன்றாம் நிறுவனத்துடையது. இயந்திரம், கியர்பெட்டி என்று வரையறுத்து, ஒரு தடவைக்கு இவ்வளவு வெள்ளிதான் என்று உச்சவரம்பும் போட்டிருக்கும். அந்தத் தாளை முழுவதும் வாசியுங்கள். உற்பத்தியாளர் ஏதாவது பாகத்தைத் திரும்பப் பெறுகிறார் என்றால் அந்தக் கடிதம் பெரும்பாலும் உங்களுக்கு வராது. நீங்களே இணையத்தில் அடிச்சட்ட எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் வெடித்துத் துண்டுகள் தெறித்ததால் காடிகளைத் திரும்பப் பெற்ற விவகாரம் நினைவிருக்கும். சூடும் ஈரப்பதமும் உள்ள ஊரில்தான் அந்தப் பாகம் சீக்கிரம் கெடும், நம் ஊர் அப்படிப்பட்டதுதான்.

உள்ளூர் காடிக்குக் குறையே வராது என்று நான் சொல்லமாட்டேன். இங்கே தயாரான ஒரு எம்பிவியில், பெயர் வேண்டாம், எண்ணெய்க் குழாய் ஒன்று திரும்பத் திரும்பக் கசிந்து என் அண்ணன் மகன் மூன்று தடவை பட்டறைக்குப் போனான். மூன்று தடவையும் ஒரு காசு செலவில்லை, உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே போனான், சிரித்துக்கொண்டே வந்தான். பெரோடுவா ஐந்து வருஷம் அல்லது 1,50,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறது. தைப்பிங்கில் நின்றாலும் தாப்பாவில் நின்றாலும் பாகம் கிடைக்கும்.

வெல்ஃபயருக்குப் பாகம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த 2.5 இயந்திரம் இங்கே விற்ற கேம்ரியில் இருந்த அதே குடும்பம். பெல்ட், பம்ப், சென்சர் எல்லாம் கிடைக்கும், எங்கள் பட்டறைப் பையன்களுக்கு அத்துப்படி. செலவு வைப்பது மற்றவை. தானாக ஓடும் கதவின் மோட்டாரும் கேபிளும், மின்சாரத்தில் கால் நீட்டும் இருக்கை, எல்இடி தலைவிளக்கு. ஒரு விளக்கு உடைந்தால் புதுசுக்குக் கேட்கும் விலையில் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் வெட்டிக் கொண்டுவந்த பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளுக்கு ஆள் போகிறது.

சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜப்பானிய வானொலியின் அலைவரிசை நம்முடையதைவிடக் கீழே. அங்கே 76-இல் தொடங்கும், நம் நிலையங்கள் பல அங்கே எட்டாத இடத்தில் இருக்கும். அலைவரிசை மாற்றும் கருவி ஒன்று பொருத்தினால்தான் மின்னல் எஃப்எம் கேட்கலாம். வழிகாட்டித் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து, வரைபடம் டோக்கியோவுடையது. பேட்டரியைக் கழற்றினால் சில டொயோட்டா திரைகள் பூட்டிக்கொண்டு குறியீட்டு எண் கேட்கும். ஒருவர் பேட்டரி மாற்றப் போய், திரை பூட்டிக்கொண்டு, பின்கேமராவும் வேலை செய்யாமல் என்னிடம் வந்தார். பேட்டரி விலையைவிடத் திறப்பதற்கு அதிகம் கொடுத்தார். ஜப்பான் காடிகள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே இருக்காது, பஞ்சருக்கு ஒரு மருந்துப் புட்டிதான். இரவில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் டயர் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் புட்டியால் ஒன்றும் ஆகாது. வாங்கும்போதே பின்பக்கத் தரையைத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியைத்தான் மனைவியோடு சேர்ந்து வாசிக்கச் சொல்வேன்.

ஆறு பேர். மூன்று வயதுப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், 2020 ஜனவரியிலிருந்து சட்டம். அதை இரண்டாம் வரிசையில்தான் பொருத்துவீர்கள். அம்மாவும் இரண்டாம் வரிசை. பெரிய பிள்ளைகள் இருவரும் மூன்றாம் வரிசை. இதை அல்சாவில் நடத்திப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும் சாதாரணக் கதவு. மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசை இருக்கையை மடித்துத் தூக்க வேண்டும். குழந்தை இருக்கை பொருத்திய பக்கத்தை மடிக்க முடியாது. அப்படியானால் அம்மா உட்காரும் பக்கம்தான் மடியும். பள்ளி வாசலில், கோயில் வாசலில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஒவ்வொரு தடவையும் அம்மா இறங்கி நிற்க வேண்டும், பிள்ளைகள் ஏறிய பிறகு திரும்ப ஏற வேண்டும். முழங்கால் மாற்றியவருக்கு. ஒரு நாளில் நாலு தடவை. விலைப்பட்டியலில் இது வராது, ஆனால் மூன்றாம் மாதமே அம்மா "நான் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்று சொல்லத் தொடங்குவார். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

அல்சா நல்ல காடி. 1.5 இயந்திரம், 106 குதிரைத்திறன். நான்கைந்து பேருக்கு அந்த விலையில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஆறு பேரும் நிறைந்தால் பின்னால் மிஞ்சும் இடம் 137 லிட்டர்தான், இரண்டு பள்ளிப் பை வைத்தால் முடிந்தது. தீபாவளிப் பலகாரத் தகரம் மடியில்தான். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்க ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும், ஏறாமல் இல்லை, சத்தம் மட்டும் உள்ளே வரும்.

உங்களுக்கு வேண்டியவை மூன்று. பக்கவாட்டில் தள்ளும் கதவு, தாழ்ந்த தரை, இரண்டாம் வரிசையில் நடுவே நடந்துபோக இடைவெளி விட்ட தனித்தனி இருக்கை. இந்த மூன்றும் இருந்தால் அம்மா அசையவே வேண்டாம், பிள்ளைகள் நடுவழியே பின்னால் போய்விடுவார்கள். வெல்ஃபயரில் மூன்றும் இருக்கின்றன. மைத்துனருக்கு அது ஏன் பிடித்தது என்பது இங்கேதான் நியாயமாகிறது. இங்கே பூட்டும் காடிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கதவு இல்லை. எக்ஸ்பேண்டரில் இல்லை, வெலோசில் இல்லை, இன்னோவா செனிக்சிலும் இல்லை. அந்த ஒரு குறைதான் இத்தனை பேரை ரீகான் கடைக்குத் துரத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த மூன்றுக்காக வெல்ஃபயருக்குத்தான் போக வேண்டுமா? 2018 முதல் இங்கே பூட்டிய செரீனாவில் தள்ளும் கதவு உண்டு, காலை நீட்டினால் தானே திறக்கும். ஏழு இருக்கை. இரண்டாம் வரிசை தனித்தனி, வேண்டுமானால் நெருக்கிக்கொள்ளலாம். பின்கதவின் மேல்பாதியை மட்டும் திறக்கலாம், நெருக்கமான நிறுத்துமிடத்தில் பெரிய உபகாரம். விலை ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். குறையும் சொல்கிறேன். எஸ்-ஹைப்ரிட் என்ற பெயரை நம்பி பெட்ரோல் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது சின்னத் துணை மோட்டார், அவ்வளவுதான். ஜப்பானில் 2022 இறுதியிலேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்பதையும் விலை பேசும்போது சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஓடிய, ஒரே உரிமையாளரின் செரீனா கிடைத்தால் இன்னும் நல்லது. இங்கேயே சர்வீஸ் ஆன வரலாறு புத்தகத்தில் இருக்கும், கப்பலேறிப் போய்த் தேட வேண்டாம்.

ரீகான்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், வெல்ஃபயருக்குக் கீழே ஒரு படி இருக்கிறது. டொயோட்டா வோக்சி, ஹோண்டா ஸ்டெப்வேகன். 2015-இல் வந்த ஸ்டெப்வேகனில் 1.5 டர்போ இயந்திரம், இங்கே விற்கும் சிவிக், சிஆர்வி இயந்திரத்தின் குடும்பம். பின்கதவுக்குள்ளேயே பக்கவாட்டில் திறக்கும் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதன் வழியாகவே ஏறி இறங்குவார்கள். மூன்றாம் வரிசை தரைக்குள் மடிந்து மறைந்துவிடும். குடும்பக் காடியை யோசித்துச் செய்தவர்கள் என்று எனக்கு அந்தக் காடியின் மேல் ஒரு பிரியம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன தாள் சோதனை இதற்கும் பொருந்தும்.

கியா கார்னிவலைக் கேட்டிருந்தீர்கள். இடத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 5.155 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம், உங்கள் தாமான் வீட்டுப் போர்ட்டிக்கோவில் கேட் மூடாது. டீசல் வேறு. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தார்கள், ஒரே நாளில் 3.35 வெள்ளி ஆனது. வெல்ஃபயரும் 4.9 மீட்டருக்கு மேல்தான், அளந்து பாருங்கள்.

பணக் கணக்கு. பத்து சதவிகிதம் முன்பணம், ஒன்பது வருஷம், வங்கிகள் வழக்கமாகச் சொல்லிவந்த நிலை வட்டியில் (கட்டக் கட்டக் குறையாமல், எடுத்த முழுக் கடனுக்கும் வருஷா வருஷம் போடுவது) 3 சதவிகிதம் என்று வைப்போம், ஒப்பிடுவதற்காக மட்டும். வெல்ஃபயருக்கு மாதம் 2,646 வெள்ளி. 2023-இல் 1 லட்சத்து 65 ஆயிரத்துக்கு வந்த செனிக்ஸ் 2.0 என்றால் 1,746. செரீனா அதற்குக் கொஞ்சம் கீழே. 75,500 வெள்ளிக்கு வந்த உயர்வகை அல்சா 799. ரீகானுக்கு வட்டி விகிதமே சற்று மேலே இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை வரி வெல்ஃபயர் 2.5-க்கு வருஷம் 835 வெள்ளி 20 காசு, செரீனாவுக்கு 438.80, அல்சாவுக்கு 150-ஐத் தாண்டாது. யாராவது 3.5 லிட்டர் வெல்ஃபயர் மலிவாகக் கிடைக்கிறது என்று காட்டினால், அதன் சாலை வரி 2,369.60 என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மலிவுக்குக் காரணமே அதுதான்.

பெட்ரோல் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். மாதம் 1,500 கி.மீ. ஓடினால், நான் பார்த்த அளவில், வெல்ஃபயர் லிட்டருக்கு ஒன்பது, செரீனா பதினொன்று, அல்சா பதினைந்து. மானிய விலை 1.99-இல் முறையே 330, 270, 200 வெள்ளியை ஒட்டி. தவணை வித்தியாசத்தோடு பார்த்தால் இது காப்பிக் காசு. பெட்ரோலை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

காப்புறுதியில் ஒன்று. வெல்ஃபயர் திருடர்களுக்குப் பிடித்த காடி. சந்தை விலைக்கு எடுக்காமல், ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். இல்லாவிட்டால் காடி போன பிறகு மதிப்பு எவ்வளவு என்று சண்டை போட வேண்டிவரும், வங்கிக் கடனோ அப்படியே நிற்கும்.

மின்சார எம்பிவிகளைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். டென்சா டி9 போன்றவை பெரியவை, சொகுசானவை. முழுதாக இறக்குமதியாகும் மின்காடிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 இறுதிவரைதான், இங்கே பூட்டுபவற்றுக்கு 2027 இறுதிவரை. அதனால் விலைகள் மாறிக்கொண்டிருக்கும். வீட்டில் சார்ஜர் போட இடமிருந்தால் ஒரு வருஷம் கழித்துப் பேசலாம்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செரீனா எடுப்பேன். அதில் மனம் ஒட்டவில்லை என்றால் தாள் சுத்தமான ஸ்டெப்வேகன் அல்லது வோக்சி. வெல்ஃபயரை மாதம் 2,646 வெள்ளிக்கு, வயதின் விளிம்பில் நிற்கும் காடிக்கு, மூன்று பிள்ளைகளின் படிப்பு முன்னால் இருக்கும்போது எடுக்கமாட்டேன். மனைவி அல்சா சொன்னது சிக்கனத்துக்காக, அந்தச் சிக்கனத்தை அம்மாவின் முழங்கால் தாங்காது என்பது மட்டும்தான் என் எதிர்வாதம்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகும்போது மைத்துனரை வீட்டில் விட்டுவிட்டு அம்மாவை அழைத்துப் போங்கள். குழந்தை இருக்கையையும் எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். பிள்ளைகளை மூன்றாம் வரிசைக்கு ஏறச் சொல்லுங்கள், அம்மாவை ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த வெல்ஃபயரை விடமுடியவில்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் அடிச்சட்ட எண்ணை எனக்கு அனுப்புங்கள், தாளைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.